எழுநூற்றுத் தொண்ணூற்றாறு

விட்டம் அறுபத்தெட்டரை மில்லிமீற்றர்.
வீச்சு எழுபத்திரண்டு.
கணக்குப் பார்த்து மூன்று மடங்காக்கினால்
எழுநூற்றுத் தொண்ணூற்றாறு சீசீ.
மூன்று தேநீர்க் கோப்பை, அவ்வளவுதான்.
உப்புவெளிக்கும் கந்தளாய்க்கும் இடையில்
என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வெடியெல்லாம்
அந்தக் கோப்பைகளுக்குள்தான் நடக்கிறது.

மடத்தடிச் சந்தியில் நிற்கும்போது கார் நடுங்கும்.
பக்கத்து ஆட்டோப் பெடியன் தலையை நீட்டுவான்:
"அன்ரி, மிஸ் அடிக்குது."
மிஸ் இல்லையடா. பிறவி.
மேலும் கீழும் தானாகச் சரிக்கட்டிவிடும்,
நுனிக்கு நுனிதான்
கட்டிப்போட்ட தோணி மாதிரி ஆடும்.
ஒன்று, மூன்று, இரண்டு
என்று வெடிக்கிற சாமான்
வேறெப்படி நிற்கும்?

கிண்ணியா ஜௌசி ஒவ்வொரு சேர்விஸுக்கும் சொல்லுவார்:
"எஞ்சின் லேசில மௌத்தாகாது.
ஒயில மட்டும் நேரத்துக்கு மாத்துங்க.
உங்கட தகரத்தத்தான் கடல் தின்னுது."
சரிதான். கதவடியில் விரல் விட்டால்
மறுபக்கம் வெளிச்சம் தெரியும்.

என் தொழில் வாகனங்களுக்கு விலை எழுதுவது.
லீசிங் கம்பனி கூப்பிடும்.
பொனற்றைத் திறந்து, ஒயில் குச்சியை உருவி,
விரலில் தேய்த்து மணந்து பார்ப்பேன்.
படிவத்தில் பதினோராம் கட்டம்: நம்பகம்.
பதினாறு வருசமாக அதில் "திருப்தி" என்று எழுதுகிறேன்.
யாருக்குத் திருப்தி என்று ஒருவரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கந்தளாய் யார்ட்டில் ஒரு கார்.
என்னுடையதேதான், நிறம் மட்டும் வேறு.
ஐந்து தவணை தவறியதால் இழுத்து வந்திருந்தார்கள்.
சொந்தக்காரர் கிருபைராசா
உள்ளே கிடந்த தன் பொருட்களை எடுக்க வந்திருந்தார்:
ஒரு குடை, பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, பிளக் சாவி.
நான் எழுதி முடிக்கும்வரை
மதிலோரம் நின்றார்.
பஸ் போய்விட்டது, மழை வேறு.
ஏறுங்கள் என்றேன்.

தொண்ணூற்றெட்டாம் கட்டைக்கு முன்னால்
காடு கறுத்த இடத்தில் இழுவை விட்டது.
இரண்டில் நொண்டியது.
யானை வேலியை நான் பார்த்தேன்,
அவர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.
"மூண்டாவது," என்றார். "நிப்பாட்டுங்கோ."

உடனே கழற்றவில்லை.
"அலுமினியத் தலை. சூட்டில திருகினா புரி போயிடும்."
கால் மணித்தியாலம்
குடையை எஞ்சினுக்குப் பிடித்தபடி
தான் நனைந்துகொண்டு நின்றார்.
பிறகு அந்தச் சாவி.
பிளக் கரிக்கட்டை போல வந்தது.
தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் தேய்த்தார்.
இடைவெளி பார்க்க ஏதாவது தாங்கோ என்றார்.
என் விசிட்டிங் கார்ட்டைக் கொடுத்தேன்,
மூன்றாய் மடித்து நுழைத்தார்.
என் பெயரும் பட்டமும்
கரியோடு ஒரு மில்லிமீற்றருக்குள் போய்வந்தன.

அடித்தேன். மூன்றும் வந்தது.
வந்த பின்னும் நடுங்கியது, அதன் பாட்டில்.
"இது இப்பிடித்தான்," என்றார்,
என்னைப் பார்க்காமல்.
தம்பலகாமச் சந்தியில் இறங்கினார்.
செருப்பை மறந்து, திரும்பி வந்து எடுத்தார்.

வீட்டில் கோப்பைத் திறந்தேன்.
மத்தியானம் நானே எழுதிய வரி:
"நின்ற நிலையில் நடுக்கம். கழிவு நாற்பதாயிரம்."

ஆட்டோப் பெடியனுக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன்.

துருவுக்குக் கழித்ததை அப்படியே விட்டேன்,
துரு துருதான்.
நடுக்கத்தின் மேல் கோடு போட்டேன்.
பெருவிரல் கரி தாளில் பட்டது, அதையும் விட்டேன்.
திங்கட்கிழமை மனேஜர் கேட்பார், இது என்ன வெட்டு என்று.
கீழே கூட்டிப்போய் என் காரை ஸ்ராட் பண்ணுவேன்.
பொனற்றில் கையை வையுங்கள் என்பேன்.